நரிக்கொம்பும் நரிக்குரலும்

நரிக்குக் கொம்பு கிடையாது. இதைச் சொல்ல விலங்கியல் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் நரிக்கொம்பு என்ற பொருள் தமிழகத்திலும் இலங்கையிலும் நெடுங்காலம் விற்கப்பட்டது, வாங்கப்பட்டது, பெட்டகங்களில் நகைகளோடு வைத்துப் பூட்டப்பட்டது. இல்லாத ஒன்றுக்கு ஒரு சந்தை இருந்தது என்றால், அதை வாங்கியவர்கள் எதை நம்பினார்கள், விற்றவர்கள் எதை அறிந்திருந்தார்கள் என்று கேட்பது வரலாற்றில் நியாயமான கேள்வியே. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நாம் வந்து சேருமிடம் வேறொன்று. நரி தனியாகத் திரியும் விலங்கா, கூட்டமாகத் திரியும் விலங்கா? அதைக் குரல் கொடுத்து அழைக்கத் தெரிந்த மனிதர்கள் இதற்கு என்ன விடை வைத்திருந்தார்கள்?

முதலில் வாங்கியவர்கள். 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனியச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் நரிக்கொம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்முடைய சொல்லையே ஆங்கில எழுத்தில் ஏற்றி அவர் அதைக் குறிப்பிடுகிறார். மண்டையோட்டின் மேல் அரை அங்குல நீளத்தில் மயிர்க்கற்றைக்குள் மறைந்திருக்கும் ஒரு கூர்முனை அது. சிங்களரும் தமிழரும் அதை வைத்திருப்பவனுக்கு நினைத்தது நடக்கும், வழக்கு வெல்லும், களவு போன பொருள் திரும்பும் என்று நம்பினர். இவற்றைவிட நமக்கு முக்கியமானது அவர் பதிவுசெய்யும் இன்னொரு நம்பிக்கை. இந்தக் கொம்பு எல்லா நரிக்கும் முளைப்பதில்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நரிக்கு மட்டுமே முளைக்கும் என்பதே அது.

இந்த நிபந்தனை இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை. எல்லா நரிக்கும் கொம்பு உண்டு என்றால் அது மலிந்துவிடும். எந்த நரிக்கும் இல்லை என்றால் விற்க முடியாது. கூட்டத்துக்கு ஒரு தலைவன், தலைவனுக்கு மட்டும் ஒரு கொம்பு என்று சொல்லும்போது பொருள் அரிதாகிறது, விலையும் நிற்கிறது. ஆக நரிக்கொம்பு என்ற நம்பிக்கையின் அடியில், நரி பெருங்கூட்டமாக ஓர் அரசனின் கீழ் வாழும் விலங்கு என்ற இன்னொரு நம்பிக்கை இருக்கிறது.

இனி விற்றவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் நான்காம் தொகுதியில் குருவிக்காரர் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை உண்டு. இன்று நாம் நரிக்குறவர் என்று அழைக்கும் மக்களைப் பற்றியது அது. அவர்கள் தங்களை வாக்ரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வலை என்று பொருள்படும் வடசொல்லான 'வாகுரா'விலிருந்து அப்பெயர் வந்தது என்பர். அவர்களுடைய மொழியான வாக்ரிபோலி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. குஜராத்தி, ராஜஸ்தானி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடையது. அதைப் பற்றி சீனிவாச வர்மா எழுதிய ஆய்வுநூலைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. எனவே நரிக்குறவர் என்ற பெயரில் உள்ள 'குறவர்', குறிஞ்சி நிலத்துக் குறவரோடு அவர்களை இணைப்பதாகத் தோன்றினாலும் மரபு வேறு, மொழி வேறு.

தர்ஸ்டன் தரும் வேட்டை வருணனை சுருக்கமானது. ஆனால் கூர்ந்து படிக்கத்தக்கது. வலையால் ஓர் அடைப்புக் கட்டுகிறார்கள். அதனுள்ளே ஒருவர் பெரிய தடியோடு உட்காருகிறார். உட்கார்ந்து நரியைப் போலவே ஊளையிடுகிறார். என்ன நடக்கிறது என்று பார்க்க ஓடிவரும் நரி அடிபட்டுச் சாகிறது. வேலூரில் சமயப்பணி செய்த டேனிஷ் பாதிரியார் லோவந்தால், குருவிக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டு விசாரித்தபோது அவர் அங்கேயே ஊளையிட்டுக் காட்டினாராம். எந்த நரியும் அவரைத் தன் இனமல்ல என்று ஐயப்பட்டிருக்காது என்ற அளவுக்கு அது அசலாக இருந்ததாகப் பாதிரியார் வியக்கிறார்.

அடுத்ததாகக் கொம்பு செய்யும் முறையும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. நரியின் பின்மண்டையில் எலும்புகள் கூடும் இடத்தில் இயல்பாகவே ஒரு மேடு உண்டு. அந்த இடத்துத் தோலை மட்டும் உரித்துவிட்டு, சுற்றியுள்ள எலும்பை அரத்தால் ராவிவிட்டால் நடுவில் ஒரு கூர்முனை எஞ்சும். பிறகு தோலை இழுத்து ஒட்டிவிட்டால், மயிருக்குள்ளிருந்து கொம்பு எட்டிப்பார்க்கும். எந்த நரியின் மண்டையிலிருந்தும் இதைச் செய்யலாம். தலைவன் நரி தேவையில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாங்குபவனிடம் சொல்லப்பட்ட கதையில் நரிகள் கூட்டமாக, ஒரு தலைவனின் பின்னால் வருகின்றன. வேட்டையாடும் முறையிலோ ஒரே ஒரு மனிதன் ஒரு வலைக்குள், ஒரு தடியோடு உட்கார்ந்திருக்கிறான். பத்துப் பதினைந்து நரிகள் பாய்ந்துவரும் என்று எதிர்பார்க்கிறவன் அப்படி உட்காரமாட்டான். ஒன்றோ இரண்டோ வரும் என்று அறிந்தவனின் ஆயத்தம் அது. கதையில் விற்றது ஒரு விலங்கு. கையில் தடியோடு எதிர்கொண்டது வேறொரு விலங்கு.

விலங்கியல் இன்று சொல்வது இந்த இரண்டாவது விலங்கைத்தான். லின்னேயஸ் 1758இல் 'கேனிஸ் ஆரியஸ்', அதாவது பொன்னிற நாய் என்று பெயரிட்ட நம் நரி, அடிப்படையில் இணையாக வாழும் விலங்கு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரு நிலப்பகுதியைத் தமதாக்கிக் காக்கின்றன. சுமார் 63 நாள் சினைக்காலத்துக்குப் பிறகு ஈனும் குட்டிகளை இரண்டும் சேர்ந்தே வளர்க்கின்றன. வளர்ந்த குட்டிகளில் ஒன்றிரண்டு அடுத்த ஈற்றுக் காலம் வரை தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவருவதும் உண்டு. பெற்றோரைப் பிரிந்த இளநரிகள் தமக்கென ஒரு நிலமும் இணையும் கிடைக்கும் வரை தனியே அலையும். இறந்த மாடு கிடந்தாலோ ஊர்க் குப்பைமேட்டில் தீனி மிகுந்தாலோ பல குடும்பங்கள் ஓரிடத்தில் கூடும். ஆக ஒருவர் தனிநரியைக் கண்டிருக்கலாம், இன்னொருவர் இணையை, வேறொருவர் கூட்டத்தை. மூவர் கண்டதும் உண்மையே. ஆனால் அதன் வாழ்க்கைக்கு அச்சு இணைதான். ஓநாய்க்கூட்டத்தைப் போன்ற படையும் இல்லை, அரசனும் இல்லை.

ஊளையின் பொருளும் இதிலிருந்து விளங்கும். அந்திக்குப் பின் ஒரு நரி தொடங்குகிறது, அதன் இணை சேர்ந்துகொள்கிறது, குட்டிகளும் கூடுகின்றன. அடுத்த நிலத்துக் குடும்பம் பதில் கொடுக்கிறது. 'இது எங்கள் இடம், நாங்கள் இங்கிருக்கிறோம்' என்ற அறிவிப்பு அது. இணையும் நிலமும் இல்லாத தனிநரி பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அடி விழும் என்று அதற்குத் தெரியும். எனவே தன் நிலத்தின் நடுவே திடீரென ஓர் அந்நியக் குரல் எழுந்தால் உரிமைக்கார இணை பார்க்க வந்தே தீரும். வலைக்குள் உட்கார்ந்தவரின் ஊளை தொட்ட நரம்பு இதுதான் என்று கொள்ளலாம்.

கூட்டம் என்ற மயக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஊளையிலேயே விடை இருக்கிறது. நரியின் குரல் ஒரே சுருதியில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும், உடையும், குலைப்பாக மாறும். இரண்டு நரிகள் மாறிமாறி இப்படிக் கத்தும்போது மரங்களிலும் மேடுகளிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து, வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு ஊரைச் சுற்றி ஒரு படை நிற்பதாகத் தோன்றும். வட அமெரிக்காவில் நம் நரிக்கு ஒப்பான கொயோட்டி என்ற விலங்கிலும் இதே நிலைதான். அதன் அறிவியல் பெயரான 'கேனிஸ் லாட்ரான்ஸ்' என்பதற்குக் குரைக்கும் நாய் என்று பொருள். 1823இல் தாமஸ் சே இட்ட பெயர். அங்கும் இரண்டு மூன்று விலங்குகளின் ஊளையைக் கேட்டு மக்கள் பத்து என்று எண்ணுகிறார்கள். அங்கும் வேட்டைக்காரர்கள் அழைத்தே அதைக் கொல்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க வேட்டைக்காரர் பெரும்பாலும் அடிபட்ட முயலின் அலறலை ஊதுகுழலில் எழுப்பிப் பசியைத் தூண்டுவார். வாக்ரி வேட்டைக்காரரோ குழல் எதுவுமின்றித் தம் தொண்டையிலிருந்தே நரியின் குரலை எழுப்பி அதன் உரிமை உணர்வைத் தூண்டினார். நரியின் வயிற்றை அறிவது எளிது. அதன் குடும்பத்தை அறிவது அத்தனை எளிதல்ல.

தமிழிலக்கியத்துக்கு இந்த இரு நரிகளும் தெரியும். தொல்காப்பிய மரபியல் நரியின் இளமைப் பெயராகக் குருளையையும் பெண்பாற் பெயராகப் பாட்டியையும் நாயோடும் பன்றியோடும் சேர்த்து வகுக்கிறது. குட்டியும் தாயுமாக நரியைக் கண்ட கண் அது. திருவிளையாடற் புராணத்து நரிகளோ பெருங்கூட்டம். மாணிக்கவாசகர் பொருட்டுப் பரிகளாக மதுரைக்குள் வந்த அவை, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்தையே ஊளையால் நிறைத்துவிடுகின்றன. பஞ்சதந்திரத்துக் கரடகனும் தமனகனும் பிரியாத இருவர். இக்கதைகளுக்குப் புதுச்சேரியோடு ஒரு தொடர்பு உண்டு. 1792இல் பிரெஞ்சு மிஷனரியாகப் புதுச்சேரியில் வந்திறங்கிய அபே துபுவா, ஊர் திரும்பிய பின் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் பாரிஸில் வெளியிட்டார். தாண்டவராய முதலியார் மராத்தி வழியே தமிழ் உரைநடையில் தந்த பஞ்சதந்திரமும் அதே 1826இல்தான் வெளிவந்தது. பிரெஞ்சில் நரிக்கு வழங்கும் 'ஷக்கால்' என்ற சொல்லும் வடமொழி 'ச்ருகால' பாரசீகம், துருக்கி வழியே உருமாறிப் போனதுதான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வருமுன்பே நம் நரி அவர்கள் அகராதிக்குள் போய்விட்டிருந்தது.

அழைத்துப் பிடிக்கும் வேட்டையும் இம்மண்ணுக்குப் புதிதல்ல. காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசையின் முன், விளாமரத்து அடியில் ஒரு பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. பார்வை என்றால் தன் இனத்தைக் காட்டி அழைப்பதற்காகப் பழக்கப்பட்ட விலங்கு. அங்கே மானை மான் அழைத்தது. பல நூற்றாண்டு கழித்து வடக்கிலிருந்து வந்து அதே தொண்டை நாட்டுக் காடுகளில் சுற்றிய வாக்ரிகளிடம் மனிதனே பார்வை விலங்காகிவிட்டான்.

இதே நரியை வேறொரு விதமாக வேட்டையாடியவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் வெள்ளை அதிகாரிகள் தம் நாட்டுக் குள்ளநரி வேட்டையின் நினைவில் ஒரு சங்கம் அமைத்து, கப்பலில் வந்த வேட்டைநாய்களோடும் செந்நிறக் கோட்டுகளோடும் குதிரையேறி நரியை விரட்டினார்கள். அது விளையாட்டு எனப்பட்டது. அதன் படங்கள் இன்றும் சட்டமிட்டு மாட்டப்படுகின்றன. வலைக்குள் தடியோடு உட்கார்ந்து தின்பதற்காக நரியைக் கொன்றவருக்கோ அதுவே இழிபெயராக ஒட்டிக்கொண்டது.

பெயர் வெறும் பெயராக நின்றுவிடவில்லை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. கொரவர் குழுக்கள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. குறவர் என்ற ஒலியே காவல் நிலையங்களில் சந்தேகத்துக்குரியதாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் ஆணை அதன் எல்லைக்குள் செல்லாது. ஆனால் புதுச்சேரி ஒரே துண்டான நிலம் அல்ல. பிரெஞ்சு ஊர்களும் பிரிட்டிஷ் ஊர்களும் பாய் பின்னியதுபோல் மாறிமாறிக் கிடந்தன. காலையில் ஒரு கொடியின் கீழ் நடப்பவன் உச்சிப்பொழுதில் இன்னொரு கொடியின் கீழ் நின்றான். இப்பக்கம் வழிப்போக்கன், அப்பக்கம் சந்தேக நபர். நரிக்கு அதன் நிலத்தின் எல்லை தெரியும். மனிதன் போட்ட எல்லைக்கோடுகள் அதனைப் பின்தொடர்ந்தவர்களுக்கே துன்பமாயின. அச்சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1962இல் சட்டப்படியும் இணைந்தது.

ஒரு சட்டம் போன பிறகு இன்னொன்று வந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டை என்ற வாழ்வை முற்றாக மூடின. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நரி உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் வைக்கப்பட்டது. இது வேண்டிய சட்டமே. நரி வயலெலியைத் தின்கிறது, பிணத்தைத் தின்று நிலத்தைத் தூய்மை செய்கிறது, இலந்தையும் பிற பழங்களும் தின்று விதைகளைப் பரப்புகிறது. நரிக்கொம்பு வணிகத்துக்காகவும் அது கொல்லப்படுகிறது. வட இந்தியாவில் 'சியார் சிங்கி' என்ற பெயரில் அதே பொய் இன்றும் விலை போகிறது. பழைய வேட்டைமுறையும் சீரழிந்தது. 2021 பிப்ரவரியில் திருச்சி மாவட்டம் ஜீயபுரம் அருகே இறைச்சிக்குள் நாட்டு வெடி வைத்து நரியைக் கொன்றதாக 12 பேர் கைதானார்கள். வெடி வைப்பதற்கு நரியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது தனியாக வருமா இணையாக வருமா, எப்போது பதில் கொடுக்கும், எப்போது வாய் மூடும் என்ற அறிவெல்லாம் அங்கே வேண்டாதவை.

வேட்டையை மூடிய அரசு, வேட்டையாடியவர்களுக்கு வேறு வழி திறக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. வேட்டை முழுதாக மூடப்பட்டு அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சட்டமும் தமிழ்நாட்டின் பட்டியலுக்கே உரியது. ஒன்றியப் பகுதியான புதுச்சேரிக்குத் தனிப் பட்டியல்; 2016இல் அதில் ஏறியது இருளர் பெயர். பிரெஞ்சுக் காலத்தின் எல்லைக்கோடு வேறு வடிவில் இன்னும் நிற்கிறது. இலாசுப்பேட்டையில் குடியிருந்துகொண்டு பேருந்து நிலையத்திலும் கடற்கரைச் சாலையிலும் பாசிமணி விற்கும் ஒருவருக்கும், திண்டிவனத்தில் மணி விற்கும் அவருடைய உறவினருக்கும் நடுவே அது ஓடுகிறது.

நரியின் கதை இதற்கிடையே வேறு திசையில் போயிருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது செம்மண் ஓடைகள் அரித்த பொட்டலாக இருந்த நிலம் இன்று காடாகி, அங்கே நரிகளின் ஊளை கேட்கிறது. ஐரோப்பாவில் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கியிருந்த இதே இனம் வடக்கும் மேற்குமாகப் பரவி, 2017இல் பிரான்ஸிலும் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. சொல்லாகப் போன ஷக்கால் கடைசியில் கால்நடையாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே ஆய்வாளர்கள் நரியைக் கணக்கெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. இரவில் வயல்வெளியில் நின்று ஒலிபெருக்கியில் ஊளையை ஒலிக்கவிடுகிறார்கள். பதில் வருகிறதா, எத்திசையிலிருந்து, எத்தனை குரல் என்று குறித்துக்கொள்கிறார்கள். தனிநரி பதில் தராது, நிலமுள்ள குடும்பமே பதில் தரும் என்ற விதியை வைத்தே எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள். வலைக்குள் உட்கார்ந்திருந்த வாக்ரி கிழவரின் முறைதான் இது. தடியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அங்கே அது அறிவியல். இங்கே அதே அறிவை உடையவர்கள் முதலில் சந்தேகத்துக்குரியவராகவும் பிறகு குற்றவாளியாகவும் கடைசியில் பாசிமணி விற்பவராகவும் ஆனார்கள். நரிக்கொம்பு விற்றதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவும் செய்கிறோம். ஆனால் அந்தப் பொய்யை வாங்கியது வழக்கில் குறுக்கு வழி தேடிய நம்முடைய முன்னோர்தாம். வாங்கியவர்களுக்குக் கூட்டமும் தலைவனும் கொம்பும் வேண்டியிருந்தன. விற்றவர்கள் வேண்டியதைக் கொடுத்தார்கள். தமக்கென்று வைத்துக்கொண்ட உண்மையை அவர்கள் விற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. லோவந்தால் பாதிரியார் ஒருவர் கேட்டார். அவருக்கு ஊளையிட்டே காட்டினார்கள்.

அந்த அறிவு எழுத்தில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. வேட்டை வேண்டாம், அது மீண்டும் வரவும் கூடாது. ஆனால் நரிகளை எண்ணவும் காக்கவும் இந்த நாடு ஆட்களைத் தேடும்போது, எந்தக் குரலுக்கு எந்த நரி வரும் என்று தாத்தாவிடம் கேட்டறிந்த யாரேனும் அந்தக் குடியிருப்புகளில் இன்னமும் இருந்தால், அவர்களிடம் முதலில் போய்க் கேட்பதே முறை. நரிக்குறவர் என்ற பெயரில் உள்ள நரியை இழிவாக அல்லாமல் தேர்ச்சியாக வாசிக்க நாம் பழகுவதும் அப்போதுதான் தொடங்கும்.